நீலக் கட்டைவிரல்

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மூச்சுப்பிடி' என்றால்தான் தெரியும். "மூச்சுப்பிடி வந்தாச்சா?" "மூச்சுப்பிடி டீ குடிக்கப் போயிருக்காரு." வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரே பாட்டுதான்: "நேரா நில்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க." அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் சரக்கு கிடையாது.

ஒரு தடவை படம் எடுத்த அவசரத்தில் 'விடுங்க' சொல்ல மறந்துவிட்டாராம். அந்த நோயாளியோ சொன்ன சொல் தட்டாத மனுஷர். கன்னம் உப்ப பஸ் ஏறி, வீட்டுக்குப் போய், பெண்டாட்டி கேட்டதற்கெல்லாம் சைகையில் பதில் சொல்லி, மறுநாள் காலையில் வந்து மறுபடியும் வரிசையில் நின்று, இவர் 'விடுங்க' என்ற பிறகுதான் விட்டாராம். அந்தக் காற்றில் வராந்தா நாட்காட்டி அடுத்த மாதத்துக்குப் புரண்டுவிட்டது என்று துப்புரவுக்கார அம்மாள் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள். நாட்காட்டி புரண்டது உண்மை. அதை யாரும் திருப்பி வைக்காததால் அந்த மாதம் எல்லோருக்கும் சம்பளம் முன்கூட்டியே வந்துவிட்டது என்பதுதான் கொஞ்சம் கூடுதல்.

வேலை முடிந்தால் நேரே வீடு. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. கல்யாணம் என்கிற வரிசையில் அவரும் நின்றுதான் பார்த்தார்; இவர் முறை வருவதற்குள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். மருத்துவமனைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, படங்களை மாட்டிப் பார்க்கும் பழைய விளக்குப் பெட்டியைக் கழித்துக் கட்டினார்கள். அதைத் தலையில் சுமந்து வந்து மேஜைமேல் வைத்துக்கொண்டார். விலா எலும்புகளைக் காட்டிய அந்த வெள்ளை வெளிச்சத்தின்மேல் இப்போது செத்த பணத்தைப் பரப்பிப் பார்ப்பார்.

செத்த பணம் என்றால் ராணுவ நோட்டுகள். வெளிநாட்டில் போய் முகாம் போடும் படைகள் தங்கள் சிப்பாய்களுக்கென்று தனி நோட்டு அச்சடிப்பது உண்டு. முகாமுக்குள் மட்டும்தான் அது செல்லும். ஆனால் சிப்பாய்க்கு முடி வெட்ட வேண்டும், துணி வெளுக்க வேண்டும், பழம் தின்ன வேண்டும். ஆகவே நோட்டு வேலியைத் தாண்டி வெளியே போகும். வெளியில் இருப்பவர்களும் நல்ல காசு என்று நம்பி வாங்கி வைத்துக்கொள்வார்கள். திடீரென்று ஒரு விடியற்காலையில் முகாமின் கேட்டைச் சாத்துவார்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் பழைய நோட்டுக்குப் புதிய நோட்டு. வெளியே இருப்பவர்கள் கையில் இருப்பது அந்த நிமிஷத்திலிருந்து வெறும் காகிதம். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனை கத்தினாலும் காகிதம்தான்.

மூச்சுப்பிடி சேகரித்ததெல்லாம் அப்படிக் கேட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவற்றைத்தான். மொடமொடப்பான நோட்டு அவருக்கு வேண்டாம். மடிப்பு, குண்டூசி ஓட்டை, எண்ணெய்ப் பிசுக்கு, யாரோ எதையோ கூட்டிப் பார்த்துக் கிறுக்கிய கிறுக்கல் எல்லாம் வேண்டும். நெஞ்சுப் படத்தில் பழைய சளியைத் தேடுகிற கண்ணால் அவற்றைத் தேடுவார்.

அவரிடம் இருந்ததிலேயே உசத்தியானது ஒரு சின்ன நோட்டு. இருப்பதிலேயே குறைந்த மதிப்பு. சிப்பாய் தயங்காமல் தூக்கிக் கொடுக்கிற சில்லறை. அதன் மூலையில் ஒரு நீலக் கறை. மை என்றுதான் முதலில் நினைத்தார். மை காகிதத்துக்குள் ஊறிப் பரவும். இது பொடிப்பொடியாக மேலேயே உட்கார்ந்திருந்தது. துணிக்குப் போடுகிற நீலம். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது வரிவரியாகத் தெரிந்தது. ஒரு கட்டைவிரல். சின்ன விரல், பெண்ணுடையதாகத்தான் இருக்க வேண்டும். நடுவில் குறுக்கே ஒரு வெற்றுக்கோடு, எப்போதோ சுட்டோ வெட்டியோ ஆறிய தழும்பு. நீலத் தொட்டியிலிருந்து கையை எடுத்தவள் துடைக்கக்கூட நேரமில்லாமல் கூலியை வாங்கியிருக்கிறாள். கேட்டைச் சாத்திய அன்று அது அவளிடம்தான் இருந்திருக்கிறது.

மாதம் ஒருமுறை நோட்டுச் சேகரிப்பவர்கள் ஒரு காகிதக் கடையின் மாடியில் கூடுவார்கள். அங்கே அதை எடுத்துப் போனார். கழுத்தில் கண்ணாடியைத் தாலி மாதிரித் தொங்கவிட்டிருந்த தலைவர் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார்.

"கறைங்க. ரெண்டாந்தரம். காபி கொட்டினதையெல்லாம் கொண்டுவந்து காட்டுறீங்களே!"

விரல் என்று சொல்ல மூச்சுப்பிடிக்கு நாக்கு வரைக்கும் வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த விரலை யாருக்கும் காட்டவில்லை. சாயங்காலங்களில் அதை வெளிச்சத்தில் வைத்து, அதன்மேல் தன் கட்டைவிரலை ஒற்றிப் பார்ப்பார். அவருடைய விரல் பெரிது. அவள் முழுசாக மறைந்துபோவாள். எடுத்தால் மறுபடி வருவாள். அன்றைய சமாச்சாரங்களை அவளிடம் ஒன்றிரண்டு வார்த்தை சொல்வதும் உண்டு.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் மணிக்கட்டு வலி என்று ஒரு பெண்பிள்ளை எக்ஸ்ரே அறைக்குள் வந்தாள். கையைத் தட்டின்மேல் வைக்கச் சொல்லிவிட்டு இவர் வழக்கம்போல, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார்.

"கைக்கு எதுக்கு சார் மூச்சு?"

அந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. மூச்சுப்பிடிக்குச் சிரிப்பு வந்தது. தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாக இருந்ததில் இவரே திரும்பிப் பார்த்தார்.

விசாரித்தால், அவர் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே இஸ்திரிக் கடை வைத்திருப்பவள் அவள்தான்.

"ஓ, மூணாம் மாடி கசங்கின சட்டை நீங்கதானா! உங்க சட்டையைப் பாக்குறப்பல்லாம் எனக்குக் கை துறுதுறுங்கும் சார். இந்த மணிக்கட்டு வலியே அதனாலதானோ என்னவோ!"

படத்தை வீட்டு விளக்குப் பெட்டியில் வைத்து விளக்குவதாகச் சொன்னார். அவள் மாடி ஏறி வந்தாள். எலும்பைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த நோட்டுகளையும் பார்த்தாள். கைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்தியதும் வர ஆரம்பித்தாள். மூச்சுப்பிடி இரண்டாவது நாற்காலி வாங்கினார். அவர் அறையில் நடந்த மிகப் பெரிய புரட்சி அதுதான்.

"இந்த மீசைக்காரன் யாரு?"

"அவங்க தளபதி."

"இவனுக்குச் சட்டை தேய்ச்சவன் சரியில்ல. காலரைப் பாருங்க, காத்தாடி மாதிரி. அது போகட்டும், இந்தச் சிப்பாய்ங்க துணியெல்லாம் யாரு வெளுத்தது?"

"வெளியில இருந்தவங்க."

"கேட்டைச் சாத்தினதும் அவங்க என்ன ஆனாங்க?"

"காகிதத்தோட நின்னாங்க."

கேட்டைச் சாத்தியது, நோட்டு காகிதமானது எல்லாம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். விரலை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டால் தனக்கென்று வைத்திருந்த ஒரே ஆளும் பொதுவாகிவிடுவாளோ என்று ஒரு கஞ்சத்தனம். அந்தச் சின்ன நோட்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தலையணைக்கடியில் வைத்துவிடுவார்.

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று வெளியூர் போக வேண்டி வந்தது. அறையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. குழாய்க்காரன் வந்தால் திறந்துவிடச் சொல்லி இஸ்திரிக்காரம்மாவிடம் சாவியைக் கொடுத்தார். புறப்படும் நிமிஷம் வரை அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பஸ்ஸுக்கு நேரமானதும் அதை விளக்குப் பெட்டியின்மேலேயே விட்டுவிட்டு ஓடினார்.

அக்கா ஒற்றைக் கண்ணோடு படுத்திருந்தபடியே, "டேய் தம்பி, அந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டுட்டு இங்கயே வந்துடேன்டா. பேச்சுத் துணைக்காவது ஆகும்" என்றாள்.

"பேச்சுத் துணை இருக்குக்கா" என்றார். சொல்லும்போது இரண்டாவது நாற்காலிதான் அவர் கண்முன் நின்றது.

திரும்பி வந்த அன்று அவள் மாடிப்படியிலேயே காத்திருந்தாள். "கண்ணை மூடுங்க சார். கையை நீட்டுங்க."

நீட்டினார். கண்ணைத் திறந்தால், உள்ளங்கையில் அந்தச் சின்ன நோட்டு. மடிப்பில்லை, சுருக்கமில்லை, அப்போதுதான் அச்சுக்கூடத்திலிருந்து வந்ததுபோல வெளேரென்று இருந்தது.

"எப்படி? தங்கமா இல்ல? அந்த மூலையில ஒரு நீலக் கறை சார். சோப்புக்கு மசியல, வெந்நீருக்கு மசியல. கடைசியில எலுமிச்சம்பழத்தை வெச்சு ஒரு ஒத்து. ஓடியே போச்சு! அப்புறம் மெல்லிசுத் துணி மேல போட்டு, பட்டுக்கு வைக்கிற சூடுதான் வெச்சேன். பயப்படாதீங்க."

மூச்சுப்பிடி அசையவில்லை.

"மூச்சை விடுங்க சார்" என்று அவள் சிரித்தாள்.

"நல்லா இருக்கு" என்றார்.

அவள் சிரிப்பு நின்றது. "இந்த 'நல்லா இருக்கு' எனக்குத் தெரியும். சட்டையைப் பொசுக்கிட்டேன்னா, சண்டை போடத் தெரியாதவங்க இதே குரல்லதான் சொல்லுவாங்க. என்ன பண்ணிட்டேன் நான்?"

அவர் சொன்னார். நீலத்தை, வரிகளை, தழும்பை, தொட்டியிலிருந்து எடுத்த கையை. வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது.

அவள் சாவியைப் படியில் வைத்தாள்.

"இத்தனை நாள் வந்து உக்காந்தேனே சார். தளபதி மூஞ்சியெல்லாம் காட்டினீங்க. ஒரு சலவைக்காரி விரலை எங்கிட்டயா மறைச்சு வெச்சீங்க?"

அந்த ஞாயிறு அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கடை வழியே அவர் போகும்போது அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நோட்டு போனதுகூட அவரை அவ்வளவு அரிக்கவில்லை. இரண்டாவது நாற்காலியில் எதைப் போட்டு மறைப்பது என்று தெரியவில்லை. துண்டைப் போட்டால் யாரோ துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போனதுபோலவே இருந்தது.

சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். ஒருநாள் ஒரு பெரியவருக்கு நெஞ்சுப் படம் எடுத்து முடித்ததும், 'விடுங்க' என்பதற்குப் பதிலாக, "மன்னிச்சுடுங்க" என்று வாய் தவறிவிட்டது. பெரியவர் வெலவெலத்துப் போய், வெளியே வந்து மகளைக் கட்டிக்கொண்டு, வீட்டை யார் பெயருக்கு எழுதுவது என்று அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று நம்பவைக்க மூன்று டாக்டர்கள் தேவைப்பட்டார்கள்.

அன்று சாயங்காலம் மூச்சுப்பிடி நோட்டை விளக்குப் பெட்டியில் வைத்தார். மூலையில் ஒன்றுமே இல்லை. பழக்கத்தில் கட்டைவிரலை ஒற்றி எடுத்தார்; யாரும் வரவில்லை. ஆனால் சாய்த்துப் பார்த்தபோது வேறொன்று தென்பட்டது. காகிதத்தின் குறுக்கே லேசான ஒரு பளபளப்பு, படகின் மூக்கு மாதிரி வளைந்து. இஸ்திரிப் பெட்டியின் முனை.

விளக்குப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். இருந்த இடத்தைவிட்டு அதுவரை நகராத அந்த விளக்குப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, மூன்று மாடி இறங்கி, கடைக்குள் நுழைந்து, இஸ்திரி மேஜைமேல் இருந்த துணிகளை ஒதுக்கி வைத்தார். மேஜையோரத்தில் இருந்த பிளக்கில் மாட்டினார். கடை முழுக்க வெள்ளை வெளிச்சம் அடித்தது. நோட்டை அதன்மேல் வைத்தார்.

"பாருங்க" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"முனை பட்டிருக்கு. அவசரத்துல தேய்ச்சது. ச்சே, அசிங்கம். குடுங்க, ஒரே இழுப்புல எடுத்துடறேன்." கை இஸ்திரிப் பெட்டிக்குப் போய்விட்டது.

"வேண்டாம்!"

அந்தக் கத்தலில் எதிர்க்கடைப் பூனை இரண்டு வீடு தள்ளிப் போய்த்தான் நின்றது. மூச்சுப்பிடிக்கு அவ்வளவு குரல் இருப்பது தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அது இருக்கட்டும்மா" என்றார் மெதுவாக. "அவ விரல் போயிடுச்சு. உங்க கை இருக்குல்ல. இதையும் துடைச்சுட்டா எனக்கு யாரும் இல்ல." பிறகு, ஒத்திகை பார்த்ததில் மிச்சமிருந்ததையும் சொன்னார். "உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். பேசிப் பழக்கமில்ல."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நோட்டின் வெற்று மூலையைப் பார்த்தாள்.

"தழும்பு எங்க இருந்துச்சு?"

காட்டினார். அவள் தன் கட்டைவிரலை அந்த இடத்தில், காகிதத்தில் படாமல், மேலாகப் பிடித்தாள். அவளுடைய விரலிலும் சூடு பட்ட வடு ஒன்று இருந்தது. இடம் வேறு.

"கேட்டைச் சாத்தின மறுநாளும் அவ தோய்ச்சிருப்பா சார்" என்றாள். "ராத்திரியே ஊற வெச்சிருப்பாளே. ஊறின துணியை அப்படியே விட முடியாது. நாறிடும்."

இத்தனை வருஷமாக அந்த நோட்டைப் பார்த்தவருக்கு அது தோன்றியதே இல்லை. தன் மனசுக்குள் அவளை வேலிக் கம்பியைப் பிடித்தபடியே நிறுத்தி வைத்திருந்தார்.

விளக்குப் பெட்டியின் வயரைப் பிடுங்கக் குனிந்தார். "விடுங்க" என்றாள் அவள். "இந்த வயசுல அதைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறாதீங்க. இங்க இருக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்குன்னு ஓட்டல் துணி வந்திருக்கு, தலைக்கு மேல வேலை. முடிஞ்சா நானே கொண்டாந்து வைக்கிறேன்."

"முடியலன்னா?"

"முடியலன்னா நீங்க வந்து படுக்கை விரிப்பு மடிங்க. சும்மா மூச்சு மட்டும் பிடிச்சா போதாது."

மூச்சுப்பிடி நோட்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலே போனார். அறை இருட்டாக இருந்தது. மேஜைமேல், பெட்டி இருந்த இடத்தில், தூசி படியாத சதுரம் ஒன்று. நோட்டுகளைப் பார்க்க வழியில்லாமல் ஜன்னலோரம் போய் நின்றார். கீழே கடைக்கதவின் இடுக்கு வழியே தெருவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அவள் இன்னும் அணைக்கவில்லை.