பாரம் தொங்கும்போது வந்த பாராட்டு

எத்திராஜ் திருவொற்றியூரில் எங்கள் தொழிற்சாலையின் கலாசி மேஸ்திரி. கனத்த யந்திரங்களைச் சங்கிலி போட்டுத் தூக்கி, இடம் பார்த்து இறக்குகிறவன். பல வருஷமாக டெம்பரவரி. 1954-இல் வேலை நிரந்தரமாவதற்கு ஒரு வழி பிறந்தது. பாய்லர் பொருத்த ஜெர்மனியிலிருந்து வந்திருந்த கிராம்ஸ் துரை அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்றார் இங்கிலீஷ்கார மானேஜர்.

அங்கேதான் சனியன் பிடித்தது. கிராம்ஸ் ஊரில் குறை சொல்லாமல் இருப்பதே பெரிய பாராட்டாம். எதைக் காட்டினாலும் "மோசமில்லை" என்பார். மானேஜரோ டீ சூடாக இருந்தாலே "கிராண்ட்!" என்று கூவுகிறவர். அவர் காதில் "மோசமில்லை" விழுந்தால் எத்திராஜ் பிழைப்பு அவ்வளவுதான்.

நான் ரங்கூனிலிருந்து பிழைக்க வந்த குமாஸ்தா. துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் மொழிபெயர்க்கிறவன். கிராம்ஸுக்குப் பாராட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது.

"கிராண்ட் என்று சொல்லுங்கள்."

"பாய்லர் இன்னும் உட்காரவில்லையே. எது கிராண்ட்?"

"பார்த்ததும் சொல்லிவிட வேண்டும்."

"பார்த்ததும் எப்படித் தெரியும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். டீயையும் கடற்காற்றையும் கேட்டில் படுத்த நாயையும் காட்டி "கிராண்ட்" சொல்ல வைத்துப் பழக்கினேன்.

மானேஜர் வந்து நின்றார். பாய்லர் மார்பளவு எழும்பியிருந்தது. "கிராண்ட், எத்திராஜ்! கிராண்ட்!" என்று முழங்கினார் கிராம்ஸ்.

கலாசிகள் விறைத்துப்போனார்கள். கொக்கியில் பாரம் தொங்கும்போது யாரும் மெச்சக் கூடாது; கண் பட்டுச் சங்கிலி அறுந்துவிடும்.

"ஆரியா! எறக்கு!" என்று கத்தினான் எத்திராஜ். "இன்னா துரை, பாரம் மேல கீது, கண்ணு வெக்கிறியே! எங்களுக்கும் வூட்ல புள்ளகுட்டி கீது நைனா!"

விஷயத்தை நான் கிராம்ஸிடம் சொல்லி முடிப்பதற்குள் டீக்கடையிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. பழத்தால் பாய்லருக்குத் திருஷ்டி சுற்றி நசுக்கி, சங்கிலியை அவிழ்த்து, மறுபடி கட்டித் தூக்கினார்கள்.

"ஏன் இறக்கினான்? ஆளுக்கு வேலை தெரியுமா, தெரியாதா?" என்றார் மானேஜர்.

கிராம்ஸ் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"பேசுங்களேன்!" என்று அவர் காதைக் கடித்தேன்.

அவர் பாரம் தொங்கும் கொக்கியைக் காட்டி, மாட்டேன் என்று தலையசைத்தார். பாய்லர் பீடத்தில் உட்கார்ந்த நேரம் மானேஜர் காரில் ஏறிவிட்டார். "கிராண்ட்! கிராண்ட்!" என்று பின்னாலேயே ஓடினார் கிராம்ஸ். வழியனுப்புகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, மானேஜர் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலமே முடிவு தெரிந்தது. எத்திராஜ் டெம்பரவரிதான்.

"வாயத் தொறந்து ஒரு வாட்டி கெடுத்தீங்க. மூடிக்கினு ஒரு வாட்டி கெடுத்தீங்க. நல்லாக் கத்துக் குடுத்த, வாத்தியாரே," என்றான் என்னிடம். சங்கிலியைத் தோளில் சுருட்டிக்கொண்டு அடுத்த பாரத்துக்கு நடந்தான்.