புள்ளி வைக்காத அண்டா

மதுரையில் பாத்திரம் வாங்குகிறவர்கள் பேர் வெட்டாமல் அதை வீட்டுக்குக் கொண்டுபோவது அரிது. பணம் கட்டியதும் அது கடைக்காரருடையது இல்லை. பேர் வெட்டும்வரை வாங்கியவருடையதும் இல்லை. நடுவில் உள்ள பத்து நிமிஷம் அது கருத்தக்கண்ணன் மடியில் இருக்கும்.

மாசி வீதிப் பாத்திரக்கடை ஒன்றின் வாசலில் அவர் உட்கார ஆரம்பித்து முப்பத்தேழு வருஷம் ஆகிறது. தம்ளருக்குக் கரண்ட் மிஷின், அண்டாவுக்கு உளி. உளி வேலையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் எழுத்தையெல்லாம் வெட்டி முடிப்பார். பிறகு அந்த உளியைக் கீழே வைத்துவிட்டு, ஊசிமுனை உளியை எடுத்துப் புள்ளிகளை மட்டும் வரிசையாக வைத்துக்கொண்டு வருவார். எழுத்துக்கு எழுத்து உளி மாற்றினால் பொழுது போய்விடும். கடைசியில் கட்டைவிரலால் தடவிப் புள்ளிகளை எண்ணுவார். “கண்ணன் கையில புள்ளி தப்பாது” என்று கடைக்காரர் வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது, காதில் விழாதவர் மாதிரிக் குனிந்துகொள்வார்.

அவர் குடியிருக்கும் கோச்சடையில், மூடிக் கிடந்த அரிசி மில்லின் ஆபீஸ் அறையைப் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர் சத்யப்ரியா வெள்ளையடித்து எடுத்திருந்தார். ஊர் ஜனங்கள் புழங்கிய சாமான்களைச் சேர்த்துவைக்க ஓர் இடம். கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, சினிமா டிக்கெட், தூக்குவாளி என்று நானூறு சொச்சம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. வாசலுக்குப் பித்தளைப் பலகை வெட்டித் தரவேண்டும் என்று கருத்தக்கண்ணனைக் கேட்டிருந்தார். பாத்திரங்களையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லும்படி சனிக்கிழமை மதியம் வரச் சொல்லியிருந்தார்.

கருத்தக்கண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஒரு தூக்குவாளியைத் திருப்பிப் பார்த்தார்.

“இது வண்டியூர் அழகுராஜா அண்ணே கை. பாருங்க டீச்சர், ‘ழ’வுக்கு வால எம்புட்டுத் தூரம் இழுத்திருக்காருன்னு. வேற யாரும் இழுக்க மாட்டாக.”

“கையெழுத்து மாதிரியேவாண்ணே?”

“கையெழுத்துதான. பேனாவுக்குப் பதிலா உளி.”

டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். பதினேழு பாத்திரங்களுக்கு வெட்டியவர் பேர் கிடைத்தது. கருத்தக்கண்ணனுக்கு ஒரே உற்சாகம்.

“இப்ப இந்தக் கூடத்துக்கே ராஜாவப் பாருங்க” என்று டீச்சர் அறை நடுவில் இருந்த துணியை விலக்கினார். ஒரு பித்தளை அண்டா. புளி போட்டுத் தேய்த்துத் தகதகவென்று இருந்தது. வாய் விளிம்பை ஒட்டி எழுத்து:

முததுததாயககு அணணன தவசி அனபளிபபு

“ஒரு புள்ளிகூட இல்ல, கவனிச்சீங்களா? ஓலையிலயும் கல்வெட்டுலயும் புள்ளி வைக்க மாட்டாங்க. அந்தப் பழக்கம் பாத்திரத்துலயும் இருந்திருக்கு. தங்கப்பாண்டி அண்ணன் வீட்டுப் பரண்ல இருந்தது. அவுக பாட்டனுக்குப் பாட்டன் தவசியாம். நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்.” கையில் அச்சடித்த அட்டை இருந்தது. “நீங்க சரின்னு சொன்னா ஒட்டிருவேன்.”

கருத்தக்கண்ணன் அண்டாவைத் தொட்டார். ‘அ’வின் சுழி, ‘சி’யின் கொக்கி. வேறு யாருடைய கையும் இல்லை.

“நாளைக்குச் சொல்றேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

தெருவில் நடக்கும்போது அந்த நாள் முழுசாகத் திரும்பி வந்தது. அப்போது அவருக்கு இருபத்துநாலு வயது. தவசி என்று ஓர் ஆள், தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் என்று அண்டாவை இறக்கினார். எழுத்தெல்லாம் வெட்டி முடித்த நேரத்தில் கருத்தக்கண்ணனின் அண்ணன் சைக்கிளில் வந்து நின்று கத்தினார்: “பொண்ணு வீட்டுல பஜ்ஜி ஆறிப்போகுதுடா! இங்கன தட்டிக்கிட்டு இருக்க!” தவசிக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவர் அண்டாவைத் தோளில் ஏற்றினார். இவர் சைக்கிளில் ஏறினார். மறுநாள் ஊசிமுனை உளியைக் கையில் எடுத்தபோதுதான் புள்ளி ஞாபகம் வந்தது. ஒரு மாசம் தவசி வந்து சட்டையைப் பிடிப்பார் என்று பயந்துகொண்டிருந்தார். யாரும் வரவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் முப்பத்தேழு வருஷப் பேர் போய்விடும். தங்கப்பாண்டி ஊர் முழுக்க அண்டாவின் வயசைச் சொல்லித் திரிகிறான். அவன் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் டீச்சர் நோட்டில் பொய் ஏறும். அதற்குச் சாட்சி இவர்.

வீட்டில் மனைவி செல்லத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கருத்தக்கண்ணன் சொல்லி முடிக்குமுன்பே அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“என்னயப் பாக்க வந்த அன்னைக்கா? அதான் ரவா கேசரியக்கூடத் தொடல. பயந்தாங்கொள்ளின்னு எங்க அப்பத்தா சொன்னுச்சு.”

“அப்ப புள்ளி ஞாபகமே இல்ல. ஒன்னயப் பாத்துத்தான் பயந்தேன்.”

“தொண்ணூறாவது வருசம், ஆவணி இருவது, புதங்கிழம. சாயங்காலம் நாலு மணி.” செல்லத்தாய் கீரையைத் தட்டில் போட்டார். “போயி சொல்லிருங்க. நம்ம கத அதுக்குள்ள கெடக்குல்ல. அதப் போயி நூறு வருசத்துக்குத் தள்ளி விடுவீகளா?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அறை நிரம்பி வாசல்வரை கூட்டம். வாழைக்காய் மண்டி தங்கப்பாண்டி புது வேட்டியில் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான். “எங்க வம்சத்துல தலைமுறைக்கு ஒரு தவசி, ஒரு முத்துத்தாய் உண்டு. இது நாலு தலைமுறைக்கு முந்தி. தொட்டுப் பாருங்க, பத்து ரூவா கேக்க மாட்டேன்.”

“மாப்ள” என்றார் கருத்தக்கண்ணன். தங்கப்பாண்டிக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் மறுபடி சொன்னார். “மாப்ள, டீச்சர், ரெண்டு பேரும் கேளுங்க. இது நான் வெட்டுனது. புள்ளி வைக்க மறந்துபோனேன்.”

 தங்கப்பாண்டி அவரையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அண்ணே, காலையிலயே வெளயாடாதீக.”

“வெளயாடல. பொண்ணு பாக்கப் போற அவசரம்.” சைக்கிள், பஜ்ஜி, பஸ் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தேதி வந்தபோது, பின்னால் நின்ற செல்லத்தாய், “நாலு மணி” என்று சேர்த்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தங்கப்பாண்டி சிரிக்கவில்லை.

“தவசின்னா, ஆளு எப்படி இருந்தாரு?”

“ஒசரம். வலது புருவத்துல ஒரு வெட்டு. தங்கச்சி மகனுக்குக் காதுகுத்துன்னு சொன்னாரு.”

தங்கப்பாண்டியின் கை தானாகத் தன் காதுக்குப் போனது. தோட்டைக் கழற்றிப் பல வருஷம் ஆகியும் தூர்ந்துபோகாத சின்னத் துளை அங்கே இருந்தது.

“அது எங்க தாய்மாமன்ணே. அவரு மடியில ஒக்காந்துதான் நான் காது குத்திக்கிட்டேன்.” அவன் அண்டாவின் விளிம்பில் விரலை வைத்து முதல் பேரைத் தடவினான். “அப்ப இந்த முத்துத்தாய், எங்க ஆத்தாவா?”

“ஆமா மாப்ள.”

அவன் அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. தங்கப்பாண்டி விளிம்பில் படிந்திருந்த விரல் தடங்களை வேட்டி நுனியால் துடைத்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னான்: “எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா! இது எங்க ஆத்தா அண்டா! யாரும் தொடக் கூடாது!”

சத்யப்ரியா டீச்சர் அச்சடித்த அட்டையைக் கிழித்துப்போட்டார். அவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. “இங்க இருக்கற பாதிச் சாமானுக்கு வருஷமே தெரியாதுண்ணே. இதுக்கு மணி வரைக்கும் கெடைச்சிருச்சு” என்று அங்கேயே புது அட்டை எழுத உட்கார்ந்தார். செல்லத்தாய் பக்கத்தில் நின்று, கேசரியையும் எழுதச் சொல்லி எழுதவைத்தார்.

கருத்தக்கண்ணன் மெதுவாகக் கேட்டார்: “டீச்சர், அந்த எட்டுப் புள்ளிய இப்ப வச்சிரட்டுமா? உளி பையிலதான் இருக்கு.”

“கைய வச்சீங்கன்னா போலீஸக் கூப்புடுவேன்.”

வாசலில் பித்தளைப் பலகையைத் திறந்தார்கள். ‘கோச்சடை மக்கள் புழங்குபொருள் கூடம்.’ “ஆறு புள்ளி சரியா இருக்கான்னு எண்ணிப் பாருங்கப்பா!” என்று தங்கப்பாண்டி கத்த, கூட்டம் மொத்தமும் சேர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணியது. சரியாகத்தான் இருந்தது. அதற்கு விழுந்த கைதட்டல் திறப்பு விழாவுக்குக்கூட விழவில்லை.

அடுத்த வாரம் தங்கப்பாண்டி ஒரு புது அண்டாவோடு கடை வாசலுக்கு வந்தான். தங்கச்சி நாகஜோதி மகளுக்குத் தை மாசம் காதுகுத்து. இந்தத் தடவை தாய்மாமன் அவன்.

“நாகஜோதிக்கு அண்ணன் தங்கப்பாண்டி அன்பளிப்பு. தேதி வேணாம். புள்ளியும் வேணாம்.”

“என்னது?”

“எங்க வீட்டு வழக்கம்ணே அது.”

“அது வழக்கம் இல்லடா மாப்ள, என் தப்பு!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க மாமன் புள்ளி இல்லாமத்தான் குடுத்தாரு.”

கருத்தக்கண்ணன் அண்டாவை மடியில் சாய்த்து வெட்ட ஆரம்பித்தார். எழுத்து முடிந்தது. மனசுக்குள் எண்ணினார், இதிலும் எட்டு. கை தன்னால் ஊசிமுனை உளியைத் தேடியது. இழுத்துக்கொண்டார். மறுபடி போனது. மதியச் சோறு கொண்டுவந்திருந்த செல்லத்தாய் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இந்தா” என்று அந்த உளியை எடுத்து அவரிடம் நீட்டினார் கருத்தக்கண்ணன். “இவன் அண்டாவத் தூக்கிக்கிட்டுப் போற வரைக்கும் இத நீ வச்சுக்க.”

செல்லத்தாய் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.