சோடாப் போத்தல்களுக்கு நடுவே செர்ரி

லண்டன் டூட்டிங்கில் மழை பெய்கிறது. மழைக்கு நான் ஒதுங்கிய மளிகைக்கடையின் குளிர்பெட்டியில், சோடாப் போத்தல்களுக்கு நடுவே செர்ரிக் கிளைகள் நிற்கின்றன. எல்லாம் மொட்டு.

“என்ர மனிசி வச்ச மரம், தங்கச்சி. தவக்காலத்தில பீடத்துக்குப் பூ வைக்கிறேல்ல. ஈஸ்டருக்கு முன்னமே இது கொட்டிப்போடும். ஒருக்கா எண்டாலும் பீடத்தில பாக்கோணும் எண்டு கேட்டவ. ஞாயிறு ஈஸ்டர் பூசைக்கு மட்டும் ஆஸ்பத்திரியில இருந்து விடுகினம்,” என்கிறார் கடைக்காரர்.

“அப்புறம்?”

“பிறகு அங்கதான். வீட்டை வரமாட்டா.”

ஜப்பானில் இந்தப் பூ உதிர்வதை ரசிக்கவே கூட்டம் கூடும் என்று படித்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. குளிர்பதனப் பொறியாளராகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

“கதவை அடிக்கடி திறக்காதீங்கண்ணா. குளிர் போயிட்டா மொட்டு விரிஞ்சிடும்.”

“ஓம், ஓம்,” என்றபடியே மறுபடி திறந்து பார்க்கிறார்.

ஒரு மொட்டு விரிந்திருக்கிறது. இன்று செவ்வாய்தான்.