துண்டுக்கு அடியில் ஒரு கை

ராஜஸ்தானின் புஷ்கர் சந்தைக்கு ஒட்டகம் ஓட்டி வரும் ராய்கா சாதி மேய்ப்பர்களில் ஜம்குவைத் தெரியாதவர் இல்லை. கணவன் இறந்த கையோடு மந்தையை ஓட்டிக்கொண்டு ஆரவல்லிக் காட்டுக்குப் போனவள். மேய்க்கக் கூடாதென்று வனக்காவலர் வழிமறித்தபோது, "முதல்ல என்னைத் தள்ளு, அப்புறம் ஒட்டகத்தைத் தள்ளு" என்று நின்றவள். வாய்க்காரி என்றார்கள். அவளும் மறுக்கவில்லை.

சந்தையில் மட்டும் அந்த வாய்க்கு வேலை இல்லை. அங்கே பேசுவது விரல்கள். விற்பவனும் வாங்குபவனும் ஒரு துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலை அழுத்தி விலை முடிப்பார்கள். பெண்ணின் கைக்கு அதற்குள் இடம் கிடையாது. அதனால் ஆண்டுதோறும் கொழுந்தன் லும்பாராம் அவளுக்காகக் கை நீட்டினான். விற்றதெல்லாம் ஆண் ஒட்டகங்கள். பெண் ஒட்டகத்தை வெளியாளுக்குக் கொடுப்பதில்லை என்பது ராய்காக்களின் கட்டுப்பாடு.

இந்தக் கார்த்திகையில் ஏரியில் முழுகிவிட்டு ஈரத்தலையோடு மணல்மேட்டுக்குத் திரும்பியவள், சினையாக நின்ற தன் பெண் ஒட்டகம் பூரியின் பக்கத்தில் லும்பாராமும் தரகன் பூரண்மல்லும் துண்டுக்குள் கைவிட்டிருப்பதைக் கண்டாள். பூரண்மல் வாங்கும் ஒட்டகம் எங்கே போகும் என்று சந்தைக்கே தெரியும். கறிக்கு.

"என்னடா பண்ற?"

"சும்மா இரு அண்ணி. ஆண் ஒட்டகத்தை இப்ப எவன் சீண்டுறான்? வண்டி இழுக்க டிராக்டர் வந்தாச்சு."

"இன்னும் ஒரு விரல்தான் பாக்கி" என்று சிரித்தான் பூரண்மல்.

ஜம்கு கொழுந்தனின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். தன் கையை உள்ளே விட்டாள். பூரண்மல் தேள் கொட்டியவனாக உதறிக்கொண்டு எழுந்தான்.

"பொம்பளை கையைப் பிடிச்சா வியாபாரம் பண்ணுவேன்? எனக்கு மானம் இருக்கு!"

"பார்வதி தேவி களிமண்ணுல பிசைஞ்சு படைச்ச மிருகத்தைக் கறிக்கு அனுப்பும்போது அந்த மானத்தை எங்க கழட்டி வச்சிருந்த?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் குரலை இன்னும் உயர்த்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் மந்தைக்கு இனி என் கைதான். ஆண் ஒட்டகம் வேணும்னா வந்து பிடிங்க. பூரி கிடையாது!"

பௌர்ணமி வரை எவனும் வரவில்லை. ஆண் ஒட்டகங்களைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சந்தை கலையும்போது லும்பாராம் கரித்துக்கொட்டினான்: "திருப்தியா? குளிர்காலத்துக்குக் கம்பு வாங்க என்ன செய்வ?"

"பால் விப்பேன்."

அவன் முகம் வெளுத்தது. ஒட்டகப் பாலைக் குடிக்கலாம், கேட்டவருக்கு ஊற்றலாம், விற்கக் கூடாது.

"அண்ணி! பாலை விக்கிறது பெத்த பிள்ளையை விக்கிற மாதிரி. சாதியை விட்டே தள்ளிடுவாங்க!"

"பிள்ளையை முழுசா விக்கத்தானே நீ கை கொடுத்த? நான் பாலை மட்டும் வித்துப் பிள்ளையை வச்சுக்கிறேன். தள்ளுறவன் வரட்டும், பாத்துக்கலாம்."

மந்தையில் ஈன்றிருந்த இன்னொரு ஒட்டகத்திடம் கன்றுக்கு விட்டது போக மிச்சத்தைக் கறந்து, நுரை அடங்காத செம்போடு கடைத்தெருவின் நடுவே நடந்தாள். முதல் டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்து முகம் சுளித்தான்.

"ஒட்டகப் பாலா?"

"ஒரு டீ போட்டுக் குடி. அப்புறம் சுளிக்கலாம்" என்று செம்பை அவன் அடுப்புத் திட்டின் மேல் வைத்தாள் ஜம்கு.