சாய்ந்து உறைந்த மெழுகு வில்லை

அந்த மனிதருக்கு எதையும் தீர்த்துவிடப் பிடிக்காது. புதுச் சட்டை வாங்கினால் அது உறையோடு அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போடலாம் என்று ஒருநாள் மனசு வந்து எடுத்தால், அதற்குள் தொப்பை ஒத்துழைக்காது. வாய்த்த மனைவியோ நேர் எதிர். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று அவர் மேல்தட்டில் ஒளித்துவைத்த தங்க விளிம்புக் கோப்பைகளில் அவள் தினமும் தேநீர் குடித்தாள். ஒவ்வொன்றாக உடைத்தும் தீர்த்தாள். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், "எடுத்து வெச்சு என்னத்தைக் கட்டிக்கப் போறீங்க?" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

இப்போது அவள் இல்லை. திட்டுவதற்கு ஆளில்லாமல் அலமாரியில் சட்டைகள் பெருகிக்கொண்டே போயின.

அவருக்கு வேலை ஒரு ஆஸ்பத்திரியின் திசு வங்கியில். அறுவை சிகிச்சையில் எடுத்த சதையில் சோதனைக்குப் போக மிஞ்சியதை, நோயாளி சம்மதித்தால் மெழுகில் பதித்து வைப்பார்கள். கட்டைவிரல் நுனி அகலத்துக்கு ஒரு வெள்ளை வில்லை, பின்னால் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அவ்வளவுதான். ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டால் இவர் அதை இயந்திரத்தில் மாட்டி வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவுவார். சீவல் வெந்நீரில் நாடா மாதிரி மிதக்கும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஏந்திக் கொடுத்துவிடுவார். எந்த வில்லையிலும் பெயர் கிடையாது, எண்தான். யாருடைய சதை என்பது சீவுகிறவருக்குத் தெரியக் கூடாது. தப்பித் தவறித் தெரிந்துவிட்டால் உடனே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அங்கே அதுதான் சட்டம், அதில் யாருக்கும் சலுகை இல்லை.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லவில்லை.

காரணம் ஒல்லி. ஒல்லி என்பது பக்கத்து மேஜை நண்பர். பெயர் வைத்த காலத்தில் ஒல்லிதான், இப்போது கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைகிறார். நம்மவரின் மனைவிக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்த அன்று இவர் ஆஸ்பத்திரி நடையில் பைத்தியம் பிடித்தவர் போல நின்றார். எண் போடுவதற்கு முன், பெயர்ச்சீட்டோடு வந்த அவள் சதையைக் கீழே மெழுகில் பதித்தவர் ஒல்லிதான். மறுநாள் வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"டேய், மன்னிச்சுக்கோ. உன் வீட்டம்மாவோடதுன்னு தெரிஞ்சதும் கை உதறிடுச்சு. சாய்வா உறைஞ்சு போச்சு. நோய் இருக்கற பக்கம் கீழ போய், ஓரத்துல இருக்கற நல்ல சதை மேல தூக்கிக்கிட்டு நிக்குது. சோதனைக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல. ஆனா பாக்க அசிங்கமா இருக்கு."

இந்தத் தொழிலில் கை தேர்ந்தவன் அப்படி ஒரு வில்லை செய்யவே மாட்டான். அதனால்தான் அவள் போன பிறகு, வேறொரு வேலையாக இழுப்பறையைத் திறந்தபோது, ஒழுங்காக உட்கார்ந்திருந்த அத்தனை வில்லைகளுக்கும் நடுவே அது ஒன்று மட்டும் கண்ணில் குத்தியது. சாய்ந்து, ஒரு பக்கம் தூக்கி. அவளும் இடப்பக்கம் சாய்ந்து, சுவரைப் பார்த்துத்தான் தூங்குவாள். எண்ணைப் பார்க்காமலே அது அவளுடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து வந்ததும் முதல் வேலை அந்த இழுப்பறைதான். வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். முதலில் சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் கைச்சூடு ஏறும். "குழாய் மறுபடி ஒழுகுது. ஆள் வந்து பாத்தான், நாளைக்கு வரேன்னு போனவன்தான்" என்று முணுமுணுப்பார். அவள் இருந்திருந்தால் அந்த ஆளையும் திட்டியிருப்பாள், அவனை நம்பிய இவரையும் சேர்த்துத் திட்டியிருப்பாள். அந்தத் திட்டுக்காக அவர் ஏங்கிய ஏக்கம் இருக்கிறதே, ஐயோ, பச்சைக் குழந்தை கெட்டது.

ஒல்லி ஒருநாள் பார்த்துவிட்டார். "அவங்களைக் கொன்னதே அதுதானேடா. அதைப் போய்க் கொஞ்சறியே!"

"கீழ இருக்கறதுதான் கொன்னது. மேல ஓரத்துல இருக்கறது அவ" என்றார் இவர்.

எப்போதாவது ஆராய்ச்சிக்காரர்கள் அந்த எண்ணைக் கேட்பார்கள். அப்போது இயந்திரத்தின் பிடியை இடப்பக்கம் கொஞ்சம் தூக்கி, சதை முழுக்கக் கத்திக்கு நேராக வரும்படி வைத்துச் சீவுவார். நேராக மாட்டினால் மட்டம் வரும்வரை ஓரத்துச் சதையெல்லாம் வீணாய்ச் சீவுப்பட்டு, குப்பைக்குத்தான் போகும். அவர் துளி விடமாட்டார். ஆனாலும் என்ன, வில்லை மெலிந்துகொண்டுதான் வந்தது.

கடைசியில் அது வந்தே விட்டது. ஒரு ஆராய்ச்சிக் குழுவுக்கு மிச்சம் முழுவதும் வேண்டுமாம். நோய்க்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல சதை ஏன் சிலருக்குத் தாங்குகிறது, சிலருக்கு விட்டுக்கொடுக்கிறது என்று பார்க்கிறார்களாம். அப்படி ஒரு வில்லையைத் தீர்த்துவிட வேண்டுமென்றால் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். அதற்குமுன் எவ்வளவு மீதி இருக்கிறது என்று இவர் சொல்ல வேண்டும்.

ஒன்றும் மீதியில்லை என்று சொன்னால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டார். காவலாளி வழக்கம்போல வணக்கம் வைத்தான். இவர் அங்கேயே நின்றுவிட்டார். அவள் எங்கே போனாலும் சத்தமாகப் பேசிக்கொண்டு, நாலு பேருக்குத் தெரியத்தான் போவாள். அவளை இப்படிப் பைக்குள் மறைத்துக் கடத்திக்கொண்டு போவது அவருக்கே கேவலமாக இருந்தது. திரும்பி நடந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நேரே நெறிமுறைக் குழுவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

குழுவில் இருந்த வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"தெரிஞ்சும் இத்தனை நாள் நீங்களே சீவினது தப்பு சார்."

"தப்புதான் மேடம். அதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க. ஆனா அது எனக்கு வேணும்."

"அது உங்களோடது இல்ல. எங்களோடதும் இல்ல. அவங்க ஒரு காரியத்துக்காகக் குடுத்தது, நாங்க காவல், அவ்வளவுதான். போனவங்க குடுத்ததைத் திருப்பிக் கேக்க புருஷனுக்கு இங்க உரிமை கிடையாது." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆனா உங்க வயித்தெரிச்சல்ல எதையும் தீர்க்கற எண்ணம் எங்களுக்கு இல்ல. நீங்க வேண்டாம்னா, மிச்சம் அப்படியே இருக்கட்டும்னு எழுதிடறோம். ஆனா ரெண்டுல எதுவானாலும், இனிமே நீங்க அதைத் தொடக் கூடாது. யோசிச்சுச் சொல்லுங்க."

சட்டம் முடியாது என்று ஒரேயடியாக அடித்திருந்தால் அதைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். பந்தை இவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அன்று மாலை, வெளியூரில் இருக்கும் மகளைப் போனில் கூப்பிட்டார்.

"அது அம்மா இல்லப்பா" என்றாள் மகள்.

"தெரியும்மா. ஆனா வேற எங்கயுமே அவ இல்லையே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எனக்கும் அம்மா வேணும்தான். ஆனா மிச்சத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமான்னு நர்ஸ் கேட்டப்ப அம்மா என்ன சொன்னாங்க? நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க?"

நின்றார். மறக்குமா? படுக்கையிலிருந்து அவள் இவரைக் கண்ணால் காட்டி, "எடுத்துக்கோங்கம்மா. ஆனா இந்த மனுஷன் மாதிரி எடுத்து வெச்சுட்டு மட்டும் இருக்காதீங்க" என்றாள். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். இவரும் சிரித்தார். அப்போது எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் போய் "எடுத்துக்கோங்க" என்று சொன்னார். வக்கீல் அம்மா எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

ஒல்லிக்கும் அது யாருடையது என்று தெரியும் என்பதால், மேலதிகாரி கூடவே நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சீவும் வேலை அவரிடம் போனது. இவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தொடக் கூடாது என்றுதானே சொன்னார்கள். பேசக் கூடாது என்று சொல்லவில்லை.

"மாட்டிட்டேன்டா" என்றார் ஒல்லி உள்ளேயிருந்து.

"இடப்பக்கத்தைத் தூக்கு."

"தூக்கிட்டேன்."

"இன்னும் கொஞ்சம். அவ அந்தப் பக்கம் சாஞ்சுதான் படுப்பா. ம், போதும், இப்ப சீவு. மெதுவா."

சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. இத்தனை காலம் தன் கையால் சுற்றிய சத்தம். வெந்நீரில் நாடா விரிவது கண்ணை மூடினாலும் தெரிந்தது. உள்ளே ஓடிப்போய், போதும் நிறுத்து என்று ஒல்லியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். சக்கரம் நின்றது.

"ஏதாவது வீணாச்சா?"

"துளி வீணாகல. எல்லாம் தகட்டுக்கு வந்துடுச்சு." ஒல்லி பக்கவாட்டாகக் கதவில் வந்து நின்றார். கையில் வெறும் பிளாஸ்டிக் சட்டம். "இதுல இருந்த எண்ணை மேலதிகாரி எதிர்லயே சுரண்டி எடுத்தாச்சு. இனிமே இது குப்பைதான். உனக்கு வேணும்னா வெச்சுக்கச் சொன்னாங்க."

இவர் அதைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போனது.

"எடுத்து வெச்சு என்னத்தைக் கட்டிக்கப் போறேன்?"

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்பது அவருக்கே உறைத்தது. விறுவிறுவென்று நடந்தார். படிக்கட்டு வரை போனார். அங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று தேம்பித் தேம்பி அழுதார். பிறகு முகத்தைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"எங்கடா அது? தூக்கிப் போட்டுட்டியா?"

ஒல்லி அதைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.