மடிப்பக்காவின் அடுப்பு

கண் விழித்ததும் அம்மா முதலில் செய்வது சுவரைத் தொடுவது. முகம் கழுவுவதற்கு முன், தலைமுடியை அள்ளி முடிவதற்கு முன், பாயில் உட்கார்ந்தபடியே வலது புறங்கையைச் சுவரில் வைப்பாள், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைப் பார்ப்பதுபோல. ஒரு மூச்சு நேரம் வைத்திருந்து எடுத்துவிடுவாள். மகன் சின்னவனாக இருந்தபோது அதை ஏதோ கும்பிடு என்று நினைத்து, தானும் சில நாள் சுவரைத் தொட்டுக் கும்பிட்டு வைத்தான். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சாமி இல்லடா. நேத்து வெயில் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்குறேன்."

நாலாம் மாடி, தகரக் கூரை, ஒரே அறை. அதன் ஒரு மூலைக்குச் சமையலறை என்று பெயர். ஒரு மேடையும் ஒற்றை அடுப்பும் கைக்குட்டை அகலத்தில் ஒரு ஜன்னலும் இருந்ததால் அந்தப் பெயர். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர் இரவெல்லாம் அதைக் கக்கும். விடியும்போது சுவர் ஆறியிருந்தால் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். ஆறவில்லையென்றால் அன்றைக்கு நேற்றைய ரொட்டியும் வாழைப்பழமும்தான். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சுவர் சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு தெரு தள்ளி இருந்த லாண்டரியில் அம்மா பத்தொன்பது வருஷமாகத் துணி மடித்தாள். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாய் வந்து இறங்கும் வெள்ளை விரிப்புகள். இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டிய விரிப்பை, ஒரு விளிம்பை மோவாயால் அழுத்திக்கொண்டு தனியாளாய் மடித்துவிடுவாள். மூலையோடு மூலை நூல் பிசகாது. அங்கே எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா, மேனேஜருக்குக்கூட. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. செய்தித்தாள், மகனின் சட்டை, மருந்துச் சீட்டு என்று கிடைத்ததையெல்லாம் மடிப்பாள். மகன் பட்டம் வாங்கி வந்த அன்று அந்தச் சான்றிதழை நோக்கி அவள் கை போனதும் அப்பா பதறிப்போனார்.

"ஏய், அதை விடு. இந்த வீட்டுலயே மடிப்பு விழாத காகிதம் அது ஒண்ணுதான்."

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவன். இயற்பியல் படித்தான். படித்து முடித்ததும், மற்றவர்கள் நிரப்பிய படிவங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை கிடைத்தது. அதற்கு இயற்பியல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவன் மட்டும் தன்னையே கேட்டுக்கொண்டான். அப்பா அவனை 'சார்' என்று கூப்பிடுவார். அதில் பாதி பெருமை, பாதி கிண்டல். எது எந்தப் பாதி என்று அவனால் பிரிக்க முடிந்ததில்லை.

அப்பா லாரி ஓட்டியவர். இருபத்தைந்து வருஷம் என்ஜின் சூட்டின்மேல் உட்கார்ந்திருந்தவருடைய இதயம் ஒரு நாள் பாதி வேலையை நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து கட்டிலோடு கட்டில். டாக்டர் நாலு விஷயம் சொன்னார். உப்பு ஆகாது. கடைச் சாப்பாடு ஆகாது. வெறும் வயிற்றில் மாத்திரை ஆகாது. சூடு ஆகவே ஆகாது. முதல் மூன்றும் அம்மா கையில் இருந்தன. நாலாவது தகரக் கூரையின் கையில் இருந்தது.

"ரூம் முப்பத்தஞ்சு டிகிரியைத் தாண்டினா இவருக்கு மூச்சு திணறும். இந்தக் கோடையைத் தாண்டிட்டார்னா அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

கோடையைத் தாண்டுவது. அந்த வருஷம் அந்த வீட்டில் வேறு லட்சியமே இருக்கவில்லை.

மகன் ஒரு வெப்பமானி வாங்கி வந்து அப்பாவின் தலைமாட்டில் மாட்டினான். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் பார்த்து நோட்டில் குறித்தான். எண்களை வைத்துக் கோடு வரைந்தான். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இங்க பாரும்மா. ஆறு மணிக்கு முப்பத்திரண்டு. நீ கஞ்சி வெச்சு இறக்கினதும் முப்பத்தாறு. அப்புறம் ராத்திரி வரைக்கும் இறங்கறதே இல்ல. அந்த நாலு டிகிரியும் உன் அடுப்புதான்."

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் கோட்டை மட்டும் விரலால் தடவிக்கொண்டே மேலே போனாள்.

"என் அடுப்பா?"

"ஆமா."

"அப்ப அது எரிய வேணாம்" என்றாள்.

மின்சார அடுப்பு வைத்தால் அந்த மாடிக்கே ஃபியூஸ் போய் மின்விசிறியும் நின்றுவிடும். படிக்கட்டில் நெருப்பு மூட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் எழுதியே ஒட்டியிருந்தார். என்ன செய்யப்போகிறாள் என்று மகன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா வழி கண்டுபிடித்துவிட்டாள். நாள் முழுக்கப் போதுமான உடைத்த கோதுமையை இரவே ஊறவைத்து, மூடி இறுகிய தூக்குப் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு முட்டைகளைத் துணியில் முடிந்துகொண்டாள். காலை ஐந்தரைக்கே கிளம்பிப் போனவள் ஆறே முக்காலுக்குத் திரும்பி வந்து தூக்கைத் திறந்தாள். கஞ்சி குழைய வெந்திருந்தது. முட்டையும் வெந்திருந்தது. வீட்டு அடுப்பு தொட்டால் சில்லென்று கிடந்தது.

"எப்படிம்மா?"

"பாய்லர் அண்ணன் தயவு. தூக்கு பாய்லர் தலைமேல. முட்டை, ஆவி தண்ணியாகிச் சொட்டுற வாளியில. 'என்னக்கா, முட்டையையும் சலவைக்குப் போட்டுட்டீங்களா'ங்கறார். 'ஆமாண்ணே, கறை இருந்தா திருப்பி அனுப்பிடுவேன்'னு சொல்லிட்டு வந்தேன்."

பாய்லர் அண்ணன் என்பவர் லாண்டரிக்கு வேண்டிய ஆவிக்காக விடியற்காலையிலேயே பாய்லரை மூட்டி, அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழிப்பவர். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்று பத்தொன்பது வருஷத்தில் இருவரும் விசாரித்துக்கொண்டதில்லை.

அப்பா முதல் வாய் கஞ்சியை விழுங்கிவிட்டுக் கேட்டார். "லாண்டரிக் கஞ்சியா? குடிச்சா நானும் விறைப்பா நிப்பேனா?"

"நின்னா சந்தோஷம்" என்றாள் அம்மா.

அன்று ஏழு மணிக்கு வெப்பமானி முப்பத்து மூன்று காட்டியது. மறுநாளும் அதே. அப்பா தலையணையில் சாய்ந்து செய்தித்தாள் பார்க்கிற அளவுக்குத் தேறினார். நோட்டில் கோடு படுத்துக்கொண்டது. படித்த படிப்பு முதல்முறையாக வீட்டுக்குள் ஒரு வேலை செய்திருக்கிறது என்று மகனுக்குத் தோன்றியது. அம்மா இப்போதும் விழித்ததும் சுவரைத் தொட்டாள். ஆனால் தொட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் எண்ணைச் சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

நாற்பத்தோரு நாள் இப்படிப் போயிற்று. இடையில் அம்மா காலையில் சாப்பிடுவதை விட்டிருந்தாள். கேட்டால் "அங்கயே ஆச்சு" என்பாள். நாலு மாடி ஏறி வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். வயசாகிறது, படி அதிகம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் அப்பா படித்துப் போட்ட செய்தித்தாளை எடுத்து மடித்தாள். மூலை சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள். அப்போதும் சேரவில்லை. மகன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு நோட்டில் முப்பத்து மூன்று என்று எழுதினான்.

நாற்பத்திரண்டாம் நாள் ஆறே முக்காலுக்கு அம்மா வரவில்லை. ஏழு மணிக்குப் படியில் கேட்டது வேறு யாருடைய காலடியோ. கரி படிந்த சட்டையோடு ஒரு பெரியவர் தூக்கைப் பிடித்தபடி வாசலில் நின்றார். பாய்லர் அண்ணனை மகன் அன்றுதான் முதலில் பார்த்தான்.

"தம்பி, அக்கா மயங்கி விழுந்துட்டாங்க. வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன். இதை முதல்ல அப்பாவுக்குக் குடுக்கச் சொன்னாங்க. மாத்திரைக்கு நேரமாச்சாம்."

அவன் அப்பாவுக்கு ஆறு கரண்டி ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு ஓடினான்.

"உடம்புச் சூடு கட்டுக்கடங்காம ஏறிடுச்சு" என்றார் மருத்துவமனை டாக்டர். "எங்க வேலை செய்றாங்க?"

"லாண்டரியில. துணி மடிக்கிறாங்க."

"மடிக்கிற இடம் அவ்வளவு சூடா?"

"இல்ல சார். அங்க பெரிய ஃபேன் இருக்கு" என்றான்.

சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி அவனுக்குள் இறங்கியது. அதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மா மறுநாள் பிற்பகல் இறந்துபோனாள். ஓரம் சரியாக மடிக்கப்படாத ஒரு வெள்ளை விரிப்பின் மேல் கிடந்தாள்.

பத்து நாள் கழித்து அம்மாவின் செருப்பையும் மேலங்கியையும் வாங்கிக்கொள்ள லாண்டரிக்குப் போனான். போகும்போது தலைமாட்டிலிருந்த வெப்பமானியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

பாய்லர் அறைக்குள் ஆள் நிற்க இரண்டடி அகலம்தான் இருந்தது. வெப்பமானியைச் சுவரோரம் பிடித்தான். சிவப்புக் கோடு நாற்பதைத் தாண்டியது, நாற்பத்தைந்தைத் தாண்டியது, ஐம்பதைத் தொட்டது. அதற்கு மேல் அந்தக் கருவியில் எண் கிடையாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அம்மா தினம் எவ்வளவு நேரம் இங்க இருந்தாங்க?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"வெச்சிட்டு வெளிய போய் உக்காரலாமே?"

"தூக்கு நிக்காது தம்பி. பாய்லர் அதிர்ந்துக்கிட்டே இருக்கும், வழுக்கி விழுந்துடும். துணியைச் சுத்திப் பிடிச்சிக்கிட்டே நிக்கணும். நான் பிடிக்கறேன்னு எத்தனையோ தடவை சொன்னேன். 'உங்க வேலை முள்ளைப் பாக்கறது, அதைப் பாருங்க'ன்னுட்டாங்க." அவர் முள்ளைப் பார்த்தபடியே பேசினார். "பையன் நல்லாப் படிச்சவன், வீட்டுச் சூட்டை எழுதியே காமிச்சிட்டான்னு பெருமையாச் சொல்லுவாங்க."

அவன் வெப்பமானியைப் பையில் போட்டான். வீட்டில் குறைந்த மூன்று டிகிரி எங்கே போயிற்று என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். சூடு அழியாது, இடம்தான் மாறும் என்று தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் அவன்.

வெளியே வந்தபோது பாய்லர் அண்ணன் ஒன்று சொன்னார். சொல்லலாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னார். "அக்கா எனக்கு ஒரு சாப்பாடு கடன் பட்டிருக்கறதாச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. 'எல்லாருக்கும் நீங்க நெருப்பு மூட்டறீங்கண்ணே. மழை வரட்டும். எங்க வீட்டு அடுப்பைப் பத்தவெச்சு உங்களை உக்காரவெச்சு ஒரு காலைச் சாப்பாடு போடறேன். ஒரு வேளையாவது வேற ஒருத்தர் மூட்டின நெருப்புல சாப்பிடுங்க.' அப்படிம்பாங்க. சும்மா பேச்சுக்கு."

அது பேச்சுக்குச் சொன்னது அல்ல என்று மகனுக்குத் தெரியும். அம்மா பேச்சுக்கு எதையும் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவன் அப்பாவுக்கு ரொட்டியும் பழமும் கொடுத்தே நாளை ஓட்டினான். அப்பா நாளுக்கு நாள் மெலிந்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் மழை பெய்தது. மறுநாள் காலை மகன் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தான். ஆறியிருந்ததாகத்தான் பட்டது. வெப்பமானியும் முப்பத்தொன்று காட்டியது. அன்று பாய்லர் அண்ணனுக்கு லீவு, அவர் இடத்தில் வேறு ஆள். வீடு தேடிப் போய்க் கூப்பிட்டான். அவர் வேண்டாம் என்றார். பிறகு துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

நாலு மாடி ஏறி வந்து தரையில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் மகன் ஒரு தட்டைக் கழுவி வைத்தான். அடுப்பைத் துடைத்துப் பற்றவைத்தான். பல நாள் கழித்து எரிந்த அடுப்பிலிருந்து தூசி கருகுகிற வாசனை வந்தது.

"நெருப்பு எரியற இடத்துல சும்மா உக்காந்து பழக்கமில்ல தம்பி" என்றார் பாய்லர் அண்ணன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"சார் சமையல்ணே. தைரியமாச் சாப்பிடுங்க. மாத்திரை என்கிட்ட இருக்கு" என்றார் அப்பா.

மூவரும் சிரித்தார்கள். மகன் கஞ்சியைக் கிளறினான். அம்மா எப்போது அடியிலிருந்து கிளறுவாள், எப்போது மூடுவாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருஷம் அவன் கவனித்தது சுவரைத் தொடுகிற கையை மட்டும்தான். பத்து நிமிஷம் போயிற்று. கோதுமை இன்னும் கல்லாகவே இருந்தது. அப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். எது கேட்டாலும் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். மகன் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

பாய்லர் அண்ணன்தான் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார்.

"முள்ளு ஏறுது தம்பி" என்றார்.

வெப்பமானி முப்பத்தாறில் நின்றது. அப்பாவின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. மகன் துணியை நனைத்து வந்து அவர் மார்பில் போட்டு, மின்விசிறிக்குக் கீழே கட்டிலை இழுத்தான். ஜன்னல் வழியாக வந்தது வெயில் மட்டும்தான். மூச்சு சீராக நெடுநேரமாயிற்று.

"அண்ணே, ரொட்டியாவது..."

"அக்கா மழைன்னுதானே சொன்னாங்க. நேத்து வந்தது தூறல்." அரைவேக்காட்டுக் கஞ்சியை அவரே தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி மூடியை அழுத்தினார். "பாய்லர் எரிஞ்சிட்டுத்தான் இருக்கும். வேகவெச்சுக் கொண்டாரேன். அப்பாவுக்கு மாத்திரைக்கு நேரமாச்சு."

"நான் வரேன். நான் பிடிச்சுக்கறேன்."

"நீங்க அவரைப் பாருங்க."

லீவு நாளில், துவைத்த சட்டையில், தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் படியிறங்கினார். ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. அவருக்காகக் கழுவி வைத்த தட்டு, ஈரம் காய்ந்து, தரையில் அப்படியே இருந்தது.