காரை எடுத்துக்கொண்ட தேனீக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரைத் தேனீக்கள் எடுத்துக்கொண்டன. ஒன்றிரண்டு அல்ல... ஒரு கூட்டமே!

அதற்கு முன் ஒரு நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொலைகாரத் தேனீக்கள் படையெடுத்து வந்து ஒரு ஊரையே காலி செய்கிற திகில் நாவல். அதைக் காரில் உட்கார்ந்துதான் படித்து வந்தேன். வீட்டில் படிக்கத் தடை. தடை போட்டது என் மனைவி மேரி.

காரணம் இருக்கிறது. லோபாக்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவள் துணி காயப்போட்டபோது ஒரே ஒரு குளவி கொட்டியது. தொண்டை அடைத்து, முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னொரு தடவை குளவியோ தேனீயோ கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கைப்பையில் எப்போதும் அவசர ஊசி. வீட்டுக்குள் ஈ வந்தால்கூட மேரி வெளியே போய்விடுவாள்.

ஞாயிறன்று லிங்கி பக்கம் ஒரு தோட்டத்துத் தேவாலயத்தில் உறவுக்காரக் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஆராதனை முடிந்து வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். கைப்பையைக் காரிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி மேரி எடுக்கப் போனாள். திடலில் பாதி தூரம் போயிருப்பாள் — செம்பனை மரங்களுக்குள்ளிருந்து ஒரு இரைச்சல். லோரி வருகிறது என்று நினைத்தேன்.

லோரி வரவில்லை. கருப்பாக ஒரு மேகம் வந்தது... நேரே அவளை நோக்கி.

நாவலில் இந்த இடத்தில் எல்லோரும் ஓடுவார்கள். நானும் ஓடத்தான் போனேன். பாஸ்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவளுக்குக் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் சொன்னார்:

"அசையாம நில்லும்மா. அதுங்க வீடு மாறுது. கொட்ட வரல லா."

மோட்டார் சைக்கிளைக் கிளப்பிய ஒருவர் உடனே ஆஃப் செய்தார். ஊசி காரில். வெட்டவெளியில் என் மேரி. இப்படி ஒரு பயத்தை எந்தப் புத்தகமும் எனக்குக் கொடுத்ததில்லை.

அவள் ஓடவில்லை. கையை வீசவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றாள்! தேனீக்கள் அவளைச் சுற்றிச் சுழன்று, தலைக்கு மேலே கடந்து போயின. ஒன்று தோளில் உட்கார்ந்து எழுந்ததாம்... அப்புறம் சொன்னாள்.

கூட்டம் நேரே போய் எங்கள் காரின் பக்கக் கண்ணாடியில் இறங்கியது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பலாப்பழம் மாதிரி தொங்கியது. உள்ளே சீட்டில் என் நாவல்.

மேரி மெதுவாக நடந்து வந்தாள். அவள் கையைப் பிடித்தேன்.

வேறு காரில் வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் வரவில்லை. தேவாலயத்துச் சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பார்த்தேன். வீடே இல்லாத இத்தனை உயிர்கள், ஒரு ராணியைச் சுற்றி, ஒரு சண்டை இல்லாமல்! நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்தை விட்டு லோபாக்குக்குக் குடிபோன அன்று, கட்டிலை யார் தூக்குவது என்பதற்கே பெரிய ரகளை.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் ஒரே மூச்சில் எழுந்தது. செம்பனைகளுக்கு மேலே போய் மறைந்தது. மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஊசி இப்போது அவள் கையை விட்டு இறங்குவதில்லை. ஆனால் நாவலுக்குத் தடை நீங்கிவிட்டது. வீட்டு ஹாலில் அவளே உட்கார்ந்து படிக்கிறாள். எப்படி இருக்கிறது என்று நேற்று கேட்டேன்.

"எழுதினவரு நேர்ல பாத்ததில்ல லா."